நாங்கள் வடிவாக்கிய முன் ஹோல்

கொக்குவிலில் நாங்கள் பன்னிரண்டு வருடமும் நான்கு மாதமும் இருந்த வீடு எங்களுடையது அல்ல. என் மனைவியின் தமையனுடையது. அவர் கனடாவில் இருக்கிறார். அவருக்கு வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, எங்களுக்கு இருக்க இடம் வேண்டியிருந்தது. வாடகை என்ற பேச்சே எழவில்லை. அந்த வீட்டை நாங்கள் அழகாக்கினோம், அதனால் இழந்தோம். சுற்றிவளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

எங்களுக்கென்று ஒரு வீடு காங்கேசன்துறையில் இருந்தது. இராணுவத்திடமிருந்து அந்தக் காணி விடுபட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே கிணறும், ஒரு அறையின் தரையும், அதன் நடுவில் முளைத்த ஒரு வேப்பமரமும் இருந்தன. கட்டுவதற்கு எங்களிடம் வசதி இல்லை. நான் மாவட்டக் கச்சேரியின் ஆவண அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. ஆகவே கொக்குவில் வீட்டில் சாகும்வரை இருப்போம் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அப்படி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகவே நம்பினோம்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். எந்த நாள், என்ன கிழமை, யார் வந்தார்கள், என்ன வாங்கினோம் என்பது தவறாது. அதைப் புரட்டிப் பார்த்தால் பன்னிரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பதிவுதான்: "மச்சான் போன் எடுத்தார். கூரை காட்டினோம்." "மச்சான் எடுத்தார். கறையான் காட்டினோம்."

வெளிநாட்டுக்காரரின் வீட்டைப் பார்க்கிற எவரும் இங்கே இதைத்தான் செய்வார்கள். தமையன் வீடியோவில் வந்ததும் மனைவி சுகம் விசாரிப்பாள். பிறகு நான் போனைத் திருப்பி, ஒழுகுகிற இடம், சுவர் வெடிப்பு, உக்கிய யன்னல் சட்டம், மதிலில் சாய்ந்த பூவரசு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். அவர் "ஓ" என்பார். "பாவம் நீங்கள், எவ்வளவு கரைச்சல்" என்பார். திருத்த ஏதாவது அனுப்புவார், சிலவேளை மறந்துவிடுவார். நல்ல பக்கத்தை நாங்கள் காட்டியதே இல்லை. அது ஒரு நேர்மை என்று நினைத்தேன். அது எங்களுக்கு ஒரு காவலாகவும் இருந்தது என்பது பின்னால்தான் விளங்கியது. எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும் வீட்டை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முன் ஹோல் அவர்கள் விட்டுப்போனபடியே இருந்தது. பொலித்தீன் உறை கழற்றாத சோபா. கண்ணாடி ஷோகேசுக்குள் கரடிப் பொம்மைகள். மனைவியின் தமையனும் அவர் மனைவியும் கலியாண உடுப்பில் நிற்கும் பெரிய படம். சாம்பல் நிறச் சுவர். அதில் நாங்கள் எதையும் தொடவில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதுமில்லை. எங்களுக்கு ஒரு கூச்சம்.

மனைவி ஓய்வு பெற்றது ஒரு மார்கழி மாதம். அதன்பின் பகல் முழுவதும் அவள் அந்த ஹோலில் இருந்தாள். முழங்கால் வருத்தம், வெளியே அதிகம் போகமுடியாது. தை மாதத்து மூன்றாம் செவ்வாய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை இருக்க ஆஸ்பத்திரி வாட்டிலை இருக்கிறமாதிரி இருக்கு. ஆரோ துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறமாதிரி."

"என்ன செய்யச் சொல்லுறாய்?"

"ஒரு நிறம் அடிப்பம். ஒரு யன்னல் சீலை போடுவம். பெரிசா ஒண்டும் வேண்டாம்."

அந்த ஞாயிறு தமையனிடம் கேட்டாள். அவர் சிரித்தார். "உனக்கு விருப்பமானதைச் செய் பிள்ளை. அந்தக் கரடியளையும் ஆருக்கும் குடுத்துவிடு."

மனைவி போனை வைத்தாள். பிறகு ஷோகேஸைத் திறந்து கரடிகளை எடுத்துத் தூசி தட்டினாள். அடுத்த கிழமையே அவை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போய்விட்டன.

நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். கடையில் புதிதாக எதையும் வாங்குவதில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெயின்ற் வாளி ஒன்றைத் தூக்கிப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆகவே சுண்ணாம்பு நீற்றி, உடுப்புக்குப் போடும் நீலத்தை அதற்குள் கரைத்தோம். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. "பள்ளிக்கூடக் கக்கூசு மாதிரி இருக்கு" என்றாள். மறுநாள் காய்ந்தபின் பார்த்தால் விடிகாலை வானம்போல ஒரு நிறம். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மாசி மாதத்து முதல் சனி.

யன்னல் சீலைகளுக்கு அவள் தன் பள்ளிக்கூடச் சேலைகளை எடுத்தாள். முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு நாளும் பருத்திச் சேலை உடுத்திப் போனவள். வெட்டுகிறபோது ஒவ்வொன்றையும் அடையாளம் சொன்னாள். இது பரீட்சை மேற்பார்வைக்குப் போனது. இது அதிபரோடு சண்டைபிடித்த அன்று உடுத்தது. மெசின் அரைநாள் ஓடும், அரைநாள் நூல் அறுந்துபோய் நிற்கும்.

"சண்டைச் சீலையை எந்த யன்னலுக்குப் போடப்போறாய்?"

"றோட்டுப் பக்கத்துக்கு. வாறவை பயந்துகொண்டு வரட்டும்."

எங்கள் தேவாலயத்தில் பழைய வாங்குகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் கதிரை போட்டபோது, கால் உடைந்த ஒரு வாங்கை எங்களுக்குத் தந்தார்கள். அதோடு பாட்டு இலக்கங்கள் செருகும் பலகையும் வந்தது. பாடகர் மேடைக்குப் பக்கத்தில் தொங்குமே, அதுதான். அதில் நான் தினமும் காலையில் அன்றைய திகதியைச் செருகத் தொடங்கினேன். மனைவி அதை எனக்குக் கிடைத்த பதவி உயர்வு என்றாள்.

கொழும்புத்துறைக் கரையில் கைவிட்ட ஒரு வலையிலிருந்து, வெயிலில் நிறம் வெளுத்த மிதப்புக் கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். கொடுத்தவர் அதைத் தூக்கித் தரும்போது கேட்டார்: "உதை என்ன செய்யப்போறியள்?" "சுவரிலை தொங்கவிடப்போறம்." அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "கேட்டியோ, ரவுணிலை மீன் சுவராலை ஓடுதாம்."

அதிகமாக நான் போனது பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடைக்கு. அதை வைத்திருப்பவர் எங்களோடொத்த வயதுடைய முஸ்லிம் ஒருவர். சிறுவயதில் அந்தத் தெருவிலேயே வளர்ந்து, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துத் திரும்பி வந்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். இடிக்கிற வீடுகளின் கதவு, யன்னல், கொழுக்கி, கண்ணாடி எல்லாம் அவரிடம் வரும்.

"சேர், உங்களுக்கெண்டு ஒரு யன்னல் வைச்சிருக்கிறன்."

"யன்னலுக்குள்ளை கண்ணாடி இல்லையே நானா."

"அதுதானே சேர் மலிவு. காத்துக்கு நான் காசு கேக்கிறேல்லை."

அந்த வெற்றுச் சட்டத்துக்குள் கச்சேரியில் கழித்துவிட்டபோது நான் எடுத்துவைத்த ஒரு பழைய நில அளவைத் தாளை ஒட்டி மாட்டினேன். குடாநாட்டின் கரையோரம் முழுவதும் அதில் மெல்லிய கோடாக இருந்தது.

கடைசியாகச் செய்தது மேசை. சித்திரையில் ஒரு நாள் பஸ் எடுத்துக் காங்கேசன்துறைக்குப் போனோம். மிஞ்சியிருந்த அந்தத் தரையில் சிவப்பும் பச்சையுமாகப் பூ வைத்த பழைய தரை ஓடுகள் உடைந்து கிடந்தன. வேப்பமரத்தின் வேர் அவற்றைத் தூக்கிப் புரட்டியிருந்தது. இரண்டு உரப்பைகளில் பொறுக்கிக்கொண்டு வந்தோம். நான் ஒரு பலகையில் சீமெந்து பூசினேன், அவள் துண்டுகளை அடுக்கினாள். பூக்கள் எதுவும் முழுதாக வரவில்லை. ஒரு இதழுக்குப் பக்கத்தில் இன்னொரு பூவின் காம்பு வந்தது. மூன்று நாள் அவள் முழங்கால் வலியை மறந்து தரையில் இருந்தாள். காய்ந்தபின் ஈரத் துணியால் துடைத்தாள். நாங்கள் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக எங்கள் வீட்டில் இருந்து தேநீர் குடித்ததாக அன்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது வாசிக்க முடியவில்லை.

வைகாசியில் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

ஆவண அறையில் இருந்தவனுக்கு ஒரு பழக்கம், எதையும் முன், பின் என்று வரிசைப்படுத்துவது. ஹோலின் பழைய படங்களையும் புதிய படங்களையும் போனில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே திகதியும், எங்கே கிடைத்தது என்ற குறிப்பும் எழுதி, மனைவியின் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நாலரை மணி. மனைவியிடம் காட்டியபோது அவள் சந்தோஷப்பட்டாள். "சாமானை ஏன் எல்லாருக்கும் விளம்பரம் செய்யிறியள்?" என்று வாயால் சொன்னாள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் யார் பார்த்தார்கள் என்று கேட்டாள்.

கனடா, லண்டன், பாரிஸ், சிட்னி, எல்லா இடமும் பார்த்தார்கள். பூக்கள், கூப்பிய கைகள், இதயங்கள். தமையனின் மகள், பத்து வருடமாக எங்களோடு ஒரு சொல் கதைக்காதவள், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்: இது அப்பாவின் வீடா, என்னால் நம்பமுடியவில்லை.

மச்சான் ஞாயிற்றுக்கிழமை எடுக்கவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை எடுத்தார். புதன் என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"பிள்ளை, நீ செய்த வேலை சரியான வடிவு" என்று தொடங்கினார். "இஞ்சை எல்லாரும் உதைத்தான் கதைக்கினம்."

"எல்லாம் பழைய சாமான் அண்ணை."

"அதுதானே வடிவு." பிறகு விசயத்துக்கு வந்தார். "எனக்கு எழுபத்திமூண்டு. இனி நான் வந்து இருக்கமாட்டன். பிள்ளையள் வரமாட்டினம். வீட்டை வித்து அதுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தனான், ஆனா ஆர் வாங்கப்போகினம் எண்டு விட்டிட்டன். இப்ப படத்தைப் பாத்திட்டு லண்டன்காரர் ஒராள் கேட்கிறார். ஆடி விடுமுறைக்கு வருகினம்."

போன் மனைவியின் கையில் இருந்தது. திரையில் அவர் முகம், மூலையில் சின்னதாக அவள் முகம்.

"உங்களை நான் றோட்டிலை விடமாட்டன்" என்றார். "ஒரு இடம் பாருங்கோ. கொஞ்சக் காலத்துக்கு நான் உதவி செய்வன்."

அவர் கெட்டவர் அல்ல. வீடு அவருடையது. பன்னிரண்டு வருடம் எங்களிடம் ஒன்றும் கேட்காதவர். அவர் முன்னால் எனக்குக் கோபப்பட ஒரு இடமும் இருக்கவில்லை. அது அந்த நாட்களில் மிகவும் கடினமாக இருந்தது. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

ஆடியில் அவர்கள் வருவதற்கு முதல் நாள், எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். சீலை, மிதப்பு, யன்னல் சட்டம், வாங்கு எல்லாவற்றையும் பின் அறைக்குள் அடைத்துவிட்டு, பழைய சோபாவை முன்னுக்கு இழுத்துப் போட்டால் போதும். அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நான் போட்டதை நான் கழட்டமாட்டன்."

"வீடு போகுதப்பா."

"போகட்டும். அசிங்கமாக்கிக் காட்டி இருக்கிறதுக்கு நான் என்ன பிச்சைக்காரியோ?"

எதையும் கழற்றவில்லை. ஆனால் மறுநாள் என்னால் முடிந்ததைச் செய்தேன். லண்டன்காரர்கள், ஐம்பது வயதுக் கணவனும் மனைவியும், கேற்றைத் திறந்து வந்தவுடன் நான் அவர்களை நேரே பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். குசினிக் கூரை ஒழுகுகிற இடம். கறையான் தின்ற கதவு நிலை. கிணற்றுக் கட்டின் வெடிப்பு. பன்னிரண்டு வருடம் பழகிய வாய், ஒன்றையும் மறக்கவில்லை. இல்லாத ஒரு ஒழுக்கையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "எல்லாம் திருத்தலாம் ஐயா. நாங்கள் எப்பிடியும் பின்பக்கத்தை இடிச்சுத்தான் கட்டுவம். இவ அந்த ஹோலைப் பாக்கவேணும் எண்டு நிக்கிறா."

அந்தப் பெண் ஹோலுக்குள் வந்து நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். சுவரைத் தொட்டாள். சீலையை விரித்துப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டாள். மேசைக்கு முன்னால் குந்தி இருந்தாள். என் மனைவி அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து அதே மேசையில் வைத்தாள்.

"அன்ரி, இதெல்லாம் வீட்டோடைதானே?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவேண்டிய இடம் அது. மற்றதெல்லாம் இருக்கட்டும், மேசை மட்டும் எங்களுடையது என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்தப் பெண் தந்திருப்பாள், நல்ல மனுசி. ஆனால் வாடகையில்லாமல் இருந்தவன் நான். அந்தக் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இது என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்கு முந்திய ஞாயிறு மச்சானும் சொல்லியிருந்தார்: "ஹோலிலை இருக்கிறதை அப்பிடியே விடுங்கோ. அதைப் பாத்துத்தான் அவை வருகினம்."

"ஓம்" என்றேன்.

மனைவி தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பேச்சு முடிந்து, நொத்தாரிசிடம் உறுதி எழுதியும் முடிந்து, வீட்டுத் திறப்புகளைக் கொடுக்கிற வாரத்தில் அந்தப் பெண் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். வட்ஸ்அப்பில் சுற்றிய என் குறிப்புகளை அவள் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதற்கு, ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி வைக்கமுடியுமா அங்கிள் என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

எழுதினேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. என் எழுத்து எப்போதும் நல்ல எழுத்து. வாங்கு, பலகை, மிதப்பு, யன்னல் சட்டம், ஒவ்வொன்றுக்கும் இடமும் திகதியும். யன்னல் சீலை என்ற இடத்தில் "பழைய பருத்திச் சேலைகள்" என்று எழுதினேன். மேசைக்கு வந்தபோது பேனை நின்றது. பிறகு எழுதினேன்: "காங்கேசன்துறையில் இடிந்துபோன ஒரு வீட்டின் தரை ஓடுகள்."

ஒரு வீட்டின். வாழ்நாள் முழுவதும் ஆவணங்களில் பிழை பிடித்தவன் நான். யாராவது உரிமையாளர் பெயரை விட்டுவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பியவன். நான் எழுதிய தாள்களில் வேண்டுமென்று விட்டது அது ஒன்றுதான். எழுதினால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். மனைவி அதை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தாள். "திகதி எல்லாம் சரி" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நாங்கள் கொழும்புத்துறையில் ஒரு வீட்டின் பின்னால் இரண்டு அறைகளில் இருக்கிறோம். ஐப்பசி இரண்டாம் வாரம் வந்தோம், இன்றைக்கு நூற்றுப் பதினெட்டு நாள். வீட்டுக்காரர் நல்லவர்கள். சுவர் ஒரு மங்கிய பச்சை. காற்றில் உப்பு இருப்பதால் ஒரு மூலை உரிந்துகொண்டிருக்கிறது. சாமான்கள் பெட்டிகளில்தான் இருக்கின்றன. சட்டி, பானை, உடுப்பு, என் புத்தகங்கள், நாட்குறிப்புகள். மனைவி தேவையானதை எடுத்துப் பாவித்துவிட்டு மறுபடியும் பெட்டிக்குள் வைக்கிறாள். பகலில் கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்தபடி படுத்திருக்கிறாள். முழங்கால் என்கிறாள். தமையன் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் எடுக்கிறார். அவள் போனை என்னிடம் தந்துவிடுகிறாள். எங்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை, ஆகவே நானும் அவரும் மழையைப் பற்றிக் கதைக்கிறோம்.

போன திங்கட்கிழமை பட்டணத்துக்கு மருந்தெடுக்கப் போனபோது, நானாவின் கடைக்குள் நுழைந்தேன். அவர் என்னைக் கண்டதும் எழும்பி ஒரு நீலக் கண்ணாடிக் கூசாவைக் கொண்டுவந்தார். வாய் விளிம்பில் ஒரு சின்ன உடைவு. வெளிச்சத்தில் பிடித்தால் கையெல்லாம் நீலமாகும்.

"கன நாளாய்க் காணேல்லை சேர். புது வீட்டுக்கு ஒண்டும் எடுக்கேல்லையே?"

எடுத்தேன். செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தேன். மனைவி படுத்திருந்தாள். நான் அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, வளவில் நின்ற நந்தியாவட்டைக் கொப்பு ஒன்றை முறித்து வைத்து, யன்னல் விளிம்பில் வைத்தேன். பின்னேர வெயில் அதற்குள்ளால் வந்து பச்சைச் சுவரில் விழுந்தது.

"இஞ்சை பாரப்பா" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நிறையநேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் பழையது ஏதோ வந்தது, நான் அதைக் கண்டேன். பிறகு அவள் எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து யன்னலடிக்கு வந்து, கொப்பை எடுத்து வெளியே போட்டாள். தண்ணீரையும் வெளியே ஊற்றினாள். கூசாவைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அதே செய்தித்தாளில் சுற்றினாள்.

"வேண்டாம்" என்றாள். "வடிவாயிருக்கு. ஆருக்கும் பிடிச்சுப்போகும்."

மறுநாள் நான் அதைத் திரும்பக் கொண்டுபோனேன். நானா ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிப் பழைய இடத்தில் வைத்தார். செவ்வாய்க்கிழமை, பத்தேகால் மணி.